சாம்பல் சுவெற்றரின் இடது கை

அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. நல்ல மனிதர்களை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு நெகிழ்வதில்லை. பதினேழு அங்குலம் பின்னி முடித்த ஒரு சுவெற்றரை, பதினோராவது வரியில் ஒரு கண்ணி மாறி விழுந்துவிட்டது என்பதற்காக, என் கண்முன்னாலேயே உருவி, நூலைப் பந்தாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, இனித் தொடங்குவம்" என்று சொன்ன ஒருவரை நினைத்து எப்படி நெகிழ்வது? அது எனக்கென்று பின்னிய சுவெற்றர். வெளியே மைனஸ் இருபது.

"ஒரு கண்ணிதானே, ஆருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே அண்ணை."

"போடப்போறவன் நான். எனக்குப் பரவாயில்லை."

"பின்னினது நான்."

இதற்கு மேல் அவரோடு கதைக்க முடியாது. சத்தம் போட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். பிழை என்று தெரிந்தால் அந்த இடம்வரைக்கும் பிரிப்பார். அவ்வளவுதான் அவர்.

நாங்கள் மோர்னிங்சைட் என்ற புறநகர்ப் பகுதியில் ஒரு பதினைந்து மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் எதிரெதிர்க் கதவுகளில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தக் கட்டடத்தில் பாதிச் சனம் எங்கள் சனம். அவர்களில் பாதிப் பேரின் விண்ணப்பப் படிவங்களை நிரப்பியவன் நான். யாழ்ப்பாணக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவன். அகதி விண்ணப்பம், சுகாதார அட்டை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, தாய் தகப்பனைக் கூப்பிடுவது என்று எந்தத் தாள் வந்தாலும் என் சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும். எந்தப் பெட்டியில் என்ன எழுத வேண்டும், எதை எழுதக்கூடாது, எந்தக் கந்தோரில் எந்த யன்னலில் இருக்கிறவர் மத்தியானத்துக்கு முன் மனிதனாக இருப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். "உங்களுக்குத் தாளைக் கண்டால் பசிக்காது" என்பாள் என் மனைவி. அவள் சொன்னதில் பிழையில்லை.

படிவங்களோடு ஊர் முறைகளையும் என்னிடம்தான் கேட்பார்கள். செத்தவருக்கு அந்தியேட்டி எத்தனையாம் நாள், பிள்ளை பிறந்தால் எத்தனை நாள் துடக்கென்று தீட்டுக் காக்க வேண்டும், மாமன் செத்தால் மருமகன் கோயிலுக்குப் போகலாமா என்று தொலைபேசியில் கேட்பார்கள். நான் பஞ்சாங்கத்தைத் திறக்காமலே சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதுகிறேன்.

அவர் என் வீட்டுக்கு முதன்முதலில் வந்ததும் ஒரு படிவத்தோடுதான். இருதயத்தைத் திறந்து செய்த சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமை. வயது ஐம்பத்தெட்டு. விதவை. மூத்த மகன் முன்னால் வர, ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். இருமினால், தும்மினால், சிரித்தால் வெட்டின இடத்தில் வலிக்கும்; அந்நேரம் தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொள்ள வேண்டுமாம். மகன் என்னிடம், "அங்கிள், அம்மாவுக்கு வருத்தக்காரருக்கான உடற்பயிற்சி வகுப்பு. உதை நிரப்பிக் குடுக்கோணுமாம்" என்றான்.

படிவத்தில் 'உங்கள் நோயின் தன்மை' என்று ஒரு பெட்டி. மூன்று இரத்தக்குழாய் மாற்றியது என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, வாசித்து, தமிழில் விளங்கப்படுத்தினேன்.

"மூண்டு குழாய் இல்லை அண்ணை, நாலு" என்றார் அவர்.

"மூண்டெண்டுதான் மகன் சொன்னவர்."

"அவனுக்குத் தெரியாது. நெஞ்சு என்ர. நாலு."

நான் மூன்றை வெட்டி நாலு என்று போட்டேன். "வெட்டக்கூடாது அண்ணை, புதுத் தாளில எழுதுங்கோ" என்றார். என்னிடம் வேறு படிவம் இல்லை என்றேன். மகன் மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் புதுப் படிவம் வாங்கிக்கொண்டு வந்து தந்தான். என் வாழ்க்கையில் ஒரு படிவத்தை நான் இரண்டாம் தரம் எழுதியது அதுதான் முதல் தடவை. அந்த எரிச்சலில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

பின்னல் அவருக்கு ஊரில் தெரியாது. உடற்பயிற்சி வகுப்பு நேர்ஸ்தான் ஊசியையும் நூலையும் கொடுத்தாள். பாரம் தூக்காமல் கையை அசைக்க இது நல்லது என்று. அங்கே அதே வருத்தத்தோடு வந்திருந்த ஒரு ஜமேக்காக்காரி அவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தாள். இவருக்கு இருபது ஆங்கிலச் சொல். அவளுக்குத் தமிழில் 'சரி' என்ற ஒரு சொல். இரண்டு பேரும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். புதன்கிழமை என்றால் சமூக நிலையத்தில் பின்னல் வட்டம். அதற்கு மாத்திரம் அவர் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு போவார்.

பறவைகள் வந்ததும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது யன்னலுக்கு வெளியே கார் தரிப்பிடத்துக் கூரையில் வந்து நின்ற கடற்பறவைகளைத் தவிர அவர் பார்க்க எதுவும் இல்லையாம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு நூலகத்திலிருந்து படம் போட்ட புத்தகம் எடுத்தார். பல்கனியில் ஒரு கதிரை, மடியில் நூல், கால்மாட்டில் புத்தகம். ஒரு செவ்வாய்க்கிழமை பல்கனிக் கம்பியில் வந்திருந்த சிவந்த தலைக் குருவியைக் காட்டி, "உது பேர்ப்பிள் பின்ஞ்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு எல்லாம் குருவிதான். வியாழக்கிழமை காலை கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் இவர், புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பிழை. அது பேர்ப்பிள் இல்லை. ஹவுஸ் பின்ஞ். வயித்தில கோடு இருந்தது, நான் கவனிக்கேல்லை."

"இதைச் சொல்லவோ ஏழு மணிக்குக் கதவைத் தட்டினனீங்கள்?"

"பிழையாச் சொல்லிப்போட்டு எப்பிடி அண்ணை இருக்கிறது?"

கதவைச் சாத்திவிட்டு மனைவியிடம் கத்தினேன். "உந்த மனிசிக்கு விசர்" என்றேன். "ஒரு மனிசி தன்ர பிழையைத் தானே வந்து சொல்லுது. உங்களுக்கு விசராத்தான் தெரியும்" என்றாள் அவள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அவரோடு நடந்தேன். நானாக விரும்பி இல்லை, மனைவியின் உத்தரவு. கடைகள் திறக்க முன்னம் காலையில் மோலின் வாசலைத் திறந்து விடுவார்கள். கிழடு கட்டைகள் உள்ளே சுற்றி நடக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் கையில் இருந்த நூலில் ஒரு முடிச்சுப் போடுவார். ஒருநாள் கதையில் முடிச்சுத் தவறிவிட்டது.

"அஞ்சோ ஆறோ அண்ணை?"

"ஆறு."

"நிச்சயமோ?"

"ஓரளவுக்கு."

"அப்ப ஒண்டிலயிருந்து."

ஒன்றிலிருந்து தொடங்கினோம். என் முழங்கால் இரண்டும் அவரைத் திட்டின. பதினொரு சுற்று நடந்தேன் அன்றைக்கு. இருதய வருத்தம் அவருக்கு. மூச்சு வாங்கியது எனக்கு. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்து, தலையணையை வீட்டில் விட்டுவிட்டு வந்தபடியால் என் கோட்டைப் பறித்து நெஞ்சில் அழுத்திக்கொண்டு சிரித்தார்.

மாசி மாதம் பின்னல் வட்டத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஒரு சின்னக் கப்பல். இங்கே ஏரிக்கரையிலுள்ள கிங்ஸ்ரனிலிருந்து ஆயிரம் தீவுகளுக்கிடையே மூன்று நாள். தெற்கிலிருந்து திரும்பி வரும் பறவைகளைப் பார்ப்பதற்கென்றே போகிற கப்பல். ஜமேக்காக்காரி பெயர் கொடுத்துவிட்டாள். இவர் பிரசுரத்தை என் மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு டொலர் நாணயக் குற்றியை வைத்தார். அதில் ஒரு பறவை தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். அதை எல்லாரும் லூனி என்பார்கள். கையில் எடுப்பார்கள், கொடுப்பார்கள், ஒருவரும் அந்தப் பறவையைப் பார்க்க மாட்டார்கள்.

"இதைப் பாக்கோணும் அண்ணை" என்றார். "லூன். இதுக்கு நிலத்தில நடக்கத் தெரியாதாம். கால் பின்னுக்குப் போய் முளைச்சிருக்காம். தண்ணியில விட்டால் ஆரும் பிடிக்கேலாதாம். கத்தினால் ஆள் அழுகிற மாதிரியாம். உண்மையோ எண்டு பாக்கோணும்."

"குற்றியில இருக்குத்தானே, பாருங்கோ."

"குற்றியில கத்தாதே."

ஆறு வருடம் இந்த நாட்டில் அவர் தனக்கென்று கேட்டு நான் கண்ட ஒரே ஒரு விஷயம் அது. ஆஸ்பத்திரியில் மகனிடம் பூ கேட்கவில்லை. மருமகளிடம் தனியறை கேட்கவில்லை. படம் போட்ட அந்தப் பறவையைக் கேட்டார்.

கப்பலில் எலிவேற்றர் கிடையாது. இருதய வருத்தக்காரர் என்றால் இரண்டு தட்டுப் படியை நிற்காமல் ஏற முடியும் என்று வைத்தியர் எழுதித் தரவேண்டும். அவரால் அப்போது அரைத் தட்டுக்கூட முடியாது. கட்டடத்தின் தீயணைப்புப் படிக்கட்டில் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு ஏறிப் பழகத் தொடங்கினார். இடையில் நின்றால் கீழே இறங்கி வந்து, ஆறியிருந்து, மறுபடி முதலாம் படியிலிருந்து. நான் கீழே கதிரை போட்டு நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். "நிண்ட இடத்திலயிருந்து ஏறினால் என்ன?" என்று கத்துவேன். "அது ரெண்டு தட்டில்லை அண்ணை, ரெண்டு அரை" என்பார் மேலிருந்து. பங்குனி முடிகிறபோது ஒருநாள் பதினோராம் மாடிக் கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. நிற்காமல் ஏறியிருந்தார். கீழே வந்தார். தலையணையை நெஞ்சில் வைத்தார். சிரிக்கப் போகிறார் என்று விளங்கியது.

வைத்தியர் எழுதித் தந்தார். நான் படிவம் நிரப்பினேன். 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் 'பறவை பார்த்தல்' என்று எழுதியபோது, முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு நோக்கத்தை ஒரு தாளிலும் எழுதியதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். எழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கையோடு ஒருநாள் பின்னேரம் மூத்த மகன் வந்தான். வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அங்கிள், ஊரிலயிருந்து கடிதம் வந்தது. சித்தப்பா மோசம் போயிட்டார்."

அவரின் புருசனின் தம்பி. யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து போன அடுத்த வருடம் அது. வன்னியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் காய்ச்சலில் போனாராம். அனுதாபம் சொன்னேன்.

"எத்தினை நாள் துடக்கு அங்கிள்?"

"ஒரே வழி உரித்துக்காரர். முப்பத்தொண்டு."

"எண்டையிலயிருந்து?"

"கேள்விப்பட்ட நாளிலயிருந்து."

"அப்ப அம்மான்ர கப்பல்?"

விரலை மடித்துப் பார்த்தேன். மே நடுப்பகுதி வரைக்கும் போகும். "அது துடக்குக்குள்ள வருது" என்றேன்.

"அப்ப போகேலாது. சித்தப்பா செத்த செய்தி வந்து மூண்டு கிழமையில அம்மா குருவி பாக்கக் கப்பல் ஏறினவ எண்டு சனம் கதைக்கும். அங்கிள் சொன்னால் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் முகத்தில் இருந்தது துக்கம் என்று நான் நினைத்தேன். கப்பல் போகிற கிழமை மருமகளுக்கு இரவு வேலை என்பதும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் அவன் தவித்துக்கொண்டிருந்தான் என்பதும் பிறகுதான் தெரிய வந்தது. அவனைத் திட்டுவதற்கு எனக்குக் காரணம் உண்டு; உரிமை இல்லை. தீர்ப்புச் சொன்னது நான்.

மூலத் தாளைக் கண்ணால் பார்க்காமல் ஒரு கோப்பிலும் கையெழுத்து வைக்காதவன் நான். கீழே வேலை செய்த பொடியன்களை இதற்காகவே அழப் பண்ணியிருக்கிறேன். அன்றைக்குக் கடிதத்தைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் கேட்கிறார்களே என்ற மயக்கம். வேறு ஒன்றுமில்லை.

அடுத்த கிழமை செவ்வாய்க்கிழமை அவரே வந்தார். வழக்கம்போல நூலும் ஊசியும் கொண்டுவந்தார். எனக்கான சாம்பல் சுவெற்றர், நாலாம் தரமாகத் தொடங்கியது, முதுகுப் பக்கம் பாதிக்கு வந்திருந்தது. துடக்கு வீட்டுக்காரர் அயல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று முறை. அதனால் என் வீட்டுக்குள் வராமல் வாசலுக்கு வெளியே நடைபாதையில் கதிரை போட்டு இருந்தார். நான் சொன்ன சட்டத்தை என் வாசலிலேயே அவர் காத்தார்.

"கொழுந்தன்ர பெண்சாதிக்கு ஒரு மறுகடிதம் எழுதோணும் அண்ணை. கொழும்பில ஒருத்தர் கையில அனுப்பலாமாம். விலாசத்தை ஒருக்கா இங்கிலிசில எழுதித் தாங்கோ" என்று கடிதத்தை நீட்டினார்.

கொப்பித் தாளில் பென்சிலால் எழுதிய கடிதம். மடிப்புகளில் கிழிந்து, எத்தனையோ பேரின் சட்டைப்பைக்குள் வியர்த்து வந்திருந்தது. வலது பக்கம் மேலே திகதி. என் கண் முதலில் அங்கேதான் போகும்; தொழில் பழக்கம். மாசி மாதத் திகதி. உள்ளே, 'போன வெள்ளிக்கிழமை அவர் எங்களை விட்டுப் போனார்' என்று இருந்தது. கடிதம் வந்து சேர்ந்தது சித்திரையில். செத்து இரண்டு மாதம் கழித்துத்தான் இவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

முப்பத்தொரு நாளும் முடிந்த பிறகு கேள்விப்பட்டால் முறை வேறு. மூன்று நாள் துடக்கு, பிறகு ஒரு முழுக்கு, அவ்வளவுதான். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் அச்சில் கிடக்கிறது. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அந்த மூன்று நாளும் போன கிழமையே முடிந்துவிட்டது. அவர் இப்படி வெளியே கதிரை போட்டு இருக்க வேண்டியதே இல்லை. கப்பலில் இடத்தை உறுதிப்படுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருந்தது.

மாசி, பங்குனி, சித்திரை என்று விரலை மடித்தேன். இன்னொரு தரம் மடித்தேன்.

அவர் பின்னலை நிறுத்தினார். "என்ன அண்ணை, ஏதும் பிழையோ?"

"இல்லை."

"பிழை எண்டால் சொல்லுங்கோ. பிரிச்சால் போச்சு."

"ஒண்டுமில்லை. விலாசத்தில ஒரு எழுத்து விளங்கேல்லை."

கச்சேரியில் கோப்பில் எழுதியதைத் திருத்துவதற்கும் முறை இருக்கிறது. பிழையான வரியின் நடுவே ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் திகதியும். ஒரு நிமிட வேலை. அந்த முறையை மற்றவர்களுக்குப் படிப்பித்தவனே நான். எதிர்க் கதவைத் தட்டி மூத்த மகனிடம், "நான் சொன்னது பிழை" என்று மூன்று சொல் சொன்னால் போதும். ஒரு குருவியின் வயிற்றுக் கோட்டுக்காக அந்த மனிசி ஏழு மணிக்கு என் கதவைத் தட்டியவர். நான் தட்டவில்லை. அந்த அங்கிளே பிழை விட்டிட்டார் என்று கட்டடம் கதைக்குமே என்று யோசித்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றேன். புதனும் வியாழனும் போயின. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் கப்பல்காரருக்குத் தொலைபேசி எடுத்து அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

கப்பல் போன மூன்று நாளும் அவர் பல்கனியில் இருந்தார். குழந்தை மடியில் கிடந்தது. பின்னல் பக்கத்தில் கிடந்தது. ஜமேக்காக்காரி திரும்பி வந்து, நடைபாதையில் நின்று, கழுத்தை நீட்டி, வாயில் கையைக் குவித்து, லூன் கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக் காட்டினாள். எல்லாக் கதவுகளும் திறந்தன. என் கதவும். இவர் வாசலில் நின்று கேட்டார். "சரி, சரி" என்றார். அவள் நல்ல மனிசி. அவளுக்கு அந்தச் சொல் தெரியும்.

அதன் பிறகு மோலுக்கு நடக்க அவர் வரவில்லை. கேட்டால், "பிள்ளையைப் பாக்கோணும் அண்ணை" என்பார். படிக்கட்டுக் கதவை அவர் திறந்து நான் காணவில்லை. ஐப்பசியில் மூத்தவன் பிறம்ரனில் வீடு எடுத்தான். அவனுக்கு வேலை அங்கே ஒரு சாமான் கிடங்கில். சாமான் ஏற்றிய வானின் முன் சீற்றில் தலையணையோடு ஏறி இருந்து, "போட்டு வாறன் அண்ணை" என்றார். சுவெற்றர் இன்னும் முடியவில்லை என்றார்.

குளிர்காலம் முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. அதை வயது என்று மனைவிக்குச் சொன்னேன். தை பிறந்ததும் கப்பல்காரருக்கு நானே எழுதினேன். புதுப் படிவம் எடுத்தேன். வைத்தியரின் இடத்தைத் தவிர எல்லாப் பெட்டியையும் நிரப்பினேன். கூடவே வெள்ளைத் தாள் ஒன்றில், முந்திய வருடம் நான் சொன்ன துடக்குக் கணக்குப் பிழையென்றும், சரியான முறை இன்னதென்றும் எழுதி, கையெழுத்தும் திகதியும் போட்டேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் எடுத்துப் பிறம்ரன் போனேன்.

பெரிய வீடு. முன்னறையில் சோபாவைத் தள்ளிவிட்டு அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். "அம்மாவுக்கு மேல ஏற ஏலாது அங்கிள்" என்றான் மகன். தேத்தண்ணி எடுக்க உள்ளே போனான். யன்னலுக்கு வெளியே கிடங்குகளின் தகரக் கூரை. அதில் ஒரு பறவையும் இல்லை. அவர் மெலிந்திருந்தார். நான் படிவத்தை நீட்டினேன். அவர் அதை வாசிக்காமலே என்னவென்று அறிந்துகொண்டார்.

"ரெண்டு தட்டோ இப்பவும்?"

"ஓம். பழகினால் வரும். போனமுறை ஏறினனீங்கள்தானே."

"போனமுறை ஏறினனான்" என்றார்.

படிவத்தை மடித்து என் கையிலேயே தந்தார். மற்ற வெள்ளைத் தாளை நான் சட்டைப்பையிலிருந்து எடுக்கப் போனேன். அவர் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பையை இழுத்தார். சாம்பல் சுவெற்றர். முடிந்திருந்தது.

"இடது கையில, மணிக்கட்டுக்கு மேல, ஒரு கண்ணி மாறிக் கிடக்கு அண்ணை" என்றார். "கண்டனான். பிரிக்கேல்லை."

"ஏன்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அண்டைக்குக் கடிதத்தைப் பிடிச்சுக்கொண்டு விரல் மடிச்சு எண்ணினியள். ரெண்டு தரம். பஞ்சாங்கம் எங்கட வீட்டிலயும் இருக்கு அண்ணை. நான் சொன்னால் கப்பல் ஆசையில சொல்லுறா எண்டு அவன் நினைப்பான். நீங்கள் சொன்னால் கேப்பான். வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் கதவைப் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்களும் கண்டுபோட்டுத்தானே விட்டனீங்கள்."

குரல் உயரவில்லை. கண் கலங்கவில்லை. அவ்வளவு நாளும் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன், பார்த்த பிறகுதான் அது கோபம் என்று விளங்கியது. மகன் தேத்தண்ணியோடு வந்தான். "அங்கிள், சீனி காணுமோ?" என்றான். போதும் என்றேன். வெள்ளைத் தாள் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. இருமல் வந்து அவர் தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சுவெற்றரைப் போட்டதும் மனைவி கையைப் பிடித்துப் பார்த்தாள். "இஞ்ச ஒண்டு பிழைச்சுப் போச்சு. ஊசி கிடக்கு, தூக்கி விடுறன்" என்றாள். "தொடாதை" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்த அம்மா போய்ப் பல வருடமாகிவிட்டது. லூனைப் பார்க்காமலே போனார். மகன்தான் தொலைபேசி எடுத்து, "அங்கிள், அம்மாவுக்கு எத்தினை நாள்?" என்று கேட்டான். பஞ்சாங்கத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, அவனைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். இப்போது யார் கேட்டாலும் அப்படித்தான். எப்ப நடந்தது, எப்ப கேள்விப்பட்டனீங்கள், கடிதத்தைக் கொண்டு வாருங்கோ, திகதியைப் பார்க்க வேணும் என்கிறேன். எதிர்ப்பக்கத்தில் சிரிக்கிறார்கள். "ஆர் அங்கிள் இப்ப கடிதம் போடுறது? செத்து அஞ்சு நிமிசத்தில போன் வந்திட்டுது" என்கிறார்கள்.

நான் கற்றுக்கொண்ட ஒரேயொரு முறைக்கு இப்போது வேலையில்லை. சுவெற்றர் நன்றாக இருக்கிறது. முழங்கை தேயவில்லை, நூல் தளரவில்லை, மைனஸ் இருபதையும் தாங்குகிறது. தொலைபேசியைக் காதில் வைத்திருக்கும்போது மற்றக் கையின் விரல் தானாக இடது மணிக்கட்டுக்கு மேல் போய், அந்தக் கண்ணியைத் தேடி, அதில் நிற்கிறது. விரலை எடுக்கிறேன். மறுபடியும் போகிறது.